கூலியா, சொந்தமா?

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனுவும் எழுதித் தருவேன். வர்றவங்ககிட்ட எல்லாம், "ஒரு வார்த்தை மாறினா காரியமே கெட்டுடும், பார்த்துச் சொல்லுங்க"ன்னு பெரிய மனுஷனாட்டம் பேசுவேன். என் வாயில மண்ணு விழ.

நிலம் கீழ்பென்னாத்தூர் பக்கம். டிராக்டர் இன்சூரன்சைப் புதுப்பிக்கும்போது ஏஜெண்ட் கேட்டாரு: "மூட்டை ஏத்தி இறக்க டிரெய்லர்ல கூலி ஆளுங்க வருவாங்க இல்ல, அவங்களுக்கும் சேர்த்துப் போட்டுடட்டுங்களா? கொஞ்சம் ஜாஸ்தி ஆகும்." போடுங்கன்னேன். மெயின் ரோட்டுல ஓட்டறோம், எதுக்கு வம்பு. டிரெய்லருக்கும் தனியா போட்டேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், அதுதான் இன்னும் வயிறெரியுது.

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டைய ஏத்திக்கிட்டு திருவண்ணாமலை மண்டிக்குப் போனோம். ஓட்டினது நான். மூட்டை மேல ஒரு அம்மா. எங்க நிலத்துல வருஷக்கணக்கா கூலி வேலை செய்யறவங்க. அவங்கள நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். ரத்த சம்பந்தம் எதுவும் கெடையாது, ஊர்ல அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். ஒரு பள்ளத்துல டிரெய்லர் எகிறிச்சு. அவங்க கீழ விழுந்து, சக்கரம் கால்ல ஏறிடுச்சு.

ஆஸ்பத்திரிக்கு ஏட்டு வந்து எழுதினாரு. "அந்தம்மா யாரு, கூலியா, சொந்தமா?" பக்கத்துல அவங்க பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. கால் போயிடும்னு டாக்டர் அப்பதான் சொல்லிட்டுப் போயிருந்தாரு. அந்தப் பொண்ணு காதுல விழற மாதிரி கூலின்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. "சொந்தம்தான் சார், அத்தை முறை"ன்னேன். அவரு எழுதினாரு. மனு எழுதறவன் நான், படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நஷ்டஈடு கேட்டு அவங்க கேஸ் போட்டாங்க. கோர்ட்டுல இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஏட்டு எழுதின அந்த ஒரு பேப்பரைத்தான் தூக்கிக் காட்டினாரு. பாலிசி கூலி ஆளுக்கு; சும்மா ஏறி வந்த சொந்தக்காரங்களுக்கு டிரெய்லர்ல இடமே இல்ல. "இல்லைங்க, கூலிக்குத்தான் வந்தாங்க"ன்னு கெஞ்சினேன். "இப்ப பணம் வேணும்னதும் அத்தை கூலி ஆளாகிட்டாங்களா?"ன்னாரு. பின்னாடி நாலு பேர் சிரிச்சாங்க. கூலிய நாங்க கையில குடுக்கறது. எந்த நோட்டுல இருக்கு, எடுத்துக் காட்ட?

கம்பெனி தர வேணாம், வண்டிக்காரனே தரணும்னு தீர்ப்பு. டிராக்டரை வித்தேன். தீர்ப்புல சொன்ன பணத்துல பாதிகூடத் தேறல. மீதிய எப்பத் தருவேன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. நல்லது நெனச்சு ஒரு வார்த்தை சொன்னேன்னு எத்தனை பேர்கிட்ட புலம்பியிருப்பேன். த்தூ. மரியாதைய நான் எடுத்துக்கிட்டேன், கால் அவங்களுக்குப் போச்சு.

போன மாசம் பார்க்கப் போனேன். உட்கார்ந்த இடத்துலயே மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. முன்னெல்லாம் "வாப்பா"ம்பாங்க. இப்ப நிமிர்ந்து பார்த்து, "வாங்க மொதலாளி"ன்னாங்க.

"என்ன அத்தை, நான் உனக்கு மொதலாளியா?"

கையில இருந்த காயை உடைச்சுக்கிட்டே சொன்னாங்க. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க அப்படிச் சொல்லியிருந்தா போதுமே."