கிளிஞ்சலோடு வந்த சேறு

1979-ஆம் ஆண்டு, சித்திரை விஷு கழிந்த வாரம். கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு அதுதான் முதல் கோடை. அதனால் ஆண்டு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பஜாரில் ஒரு பம்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பம்பைக் கொண்டுபோய்ப் பொருத்துவது, எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது, பழுதானால் கழற்றிப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஊர்க் கிணறுகளை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அவற்றில் இறங்கி ஏறிப் பழகிய எனக்கு, குனிந்தால் கைக்கு எட்டிவிடும் கொச்சித் தண்ணீரைக் கிணறு என்று சொல்வதே வேடிக்கையாக இருந்தது. போதாததற்கு, கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் படிப்பவன். பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்து. அதன் கோடியில், தென்னை நின்ற ஒரு வளாகத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு அக்கா கீரை போட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் சரக்குக் கிடங்கில் சுமை தூக்குபவர். அக்கா விடியலில் கீரையைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். அந்த வளாகத்துக் கிணற்றில்தான் சந்து முழுவதும் குடிக்கத் தண்ணீர் எடுத்தது. காலையில் குடங்கள் நிறைந்த பிறகே கீரைக்கு என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அக்கா ஒரு சின்ன மோட்டாரைச் சற்று நேரம் ஓட்டுவார், நிறுத்துவார், ஊறட்டும் என்று காத்திருப்பார், மறுபடி ஓட்டுவார். அந்தப் பக்கத்தில் எல்லாக் கிணறுகளிலும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அது வகையில்லாதவர்களின் பழக்கமாகப் பட்டது.

அந்தக் கோடையில் ஊற்று மந்தப்பட்டது. அக்கா கடைக்கு வந்தார்.

"தம்பி, தண்ணி பத்தமாட்டேங்கு. பாதிப் பாத்தி வாடுது. நம்ம ஊர்க்காரப் புள்ளன்னு சொன்னாவ. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். கிணற்றின் அடியில் துளை போட்டுக் குழாய் இறக்கி, மேலே ஜெட் பம்பு வைத்துவிடலாம் என்றேன். இரண்டு குழாய்கள் உள்ளே போகும். ஒன்று தண்ணீரை வேகமாகக் கீழே தள்ளும், அந்த வேகத்தில் மற்றொன்று ஆழத்துத் தண்ணீரை மேலே கொண்டுவரும். எங்கள் பக்கத்தில் அப்போது அதுதான் பேச்சு.

குடத்தோடு வந்த அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாள் கேட்டுக்கொண்டே நின்றார். மூத்த பெண்களை அங்கே இத்தாத்தா என்பார்கள். "மோனே, தாழேக்குப் போகண்டா. தாழே உப்பாணு," என்றார். கீழே போகாதே, கீழே உப்பு என்கிறார்.

"ஆழத்துல உப்பு இருக்காதுங்க இத்தாத்தா. மேல் தண்ணிலதான் அழுக்கும் உப்பும். எங்கூர்ல கீழ போகப் போகத்தானுங்க நல்ல தண்ணி," என்றேன். அதோடு விட்டேனா? பாறை, ஊற்று, மண்ணடுக்கு என்று நான் படித்ததையெல்லாம் எடுத்து விட்டேன். இத்தாத்தா, "எந்நால் செய்யு, இஞ்சினீயரே," அப்படியானால் செய் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் இஞ்சினீயர் இல்லை. ஆனால் திருத்தவும் இல்லை.

துளை போட்ட அன்று சந்தே கூடி நின்றது. மேலே மணல்தான், வெண்ணெய்போல இறங்கியது. அதன் கீழே கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு களிமண். அதில் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள். ஒன்றை எடுத்துக் கழுவி எல்லோருக்கும் காட்டினேன். ஒரு காலத்தில் இந்த இடமெல்லாம் கடலாக இருந்தது, அதற்கு இதுதான் சாட்சி என்று விளக்கினேன். இதைச் சொல்லிக்கொண்டேதான் அந்தக் களிமண்ணை முழுவதுமாகத் துளைத்துக் கீழே போகச் சொன்னேன். கிளிஞ்சலைக் கையில் வைத்திருந்தவனுக்கு அது எந்தத் தண்ணீரில் வாழும் பிராணி என்று ஒரு கணம் யோசிக்கத் தோன்றவில்லை.

பம்பின் தலைமூடியைத் திறந்து, காற்றெல்லாம் வெளியேறும்வரை தண்ணீர் ஊற்றி நிரப்பி, மூடி, சுவிட்சைப் போட்டேன். முதலில் கலங்கல். பிறகு தெளிந்து, மணிக்கட்டுத் தடிமனில் கொட்டியது. இனித்தது. இத்தாத்தாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். நான் கடைசியாக ஒரு அறிவுரையும் சொன்னேன். "நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீங்கக்கா. மோட்டார் சூடாயிரும், அடிக்கடி தண்ணி நிரப்பற வேலையும் வரும். போட்டா ஒரே ஓட்டமா விடுங்க." எங்கள் ஊரில் அது சரியான அறிவுரை.

அக்கா சொன்னபடியே செய்தார். வாடிய பாத்தியெல்லாம் நிமிர்ந்தது. சந்தில் நடந்தால் எனக்குச் சாயா வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா கடைப் பக்கம் வந்தார். "தம்பி, நேத்து கொழம்புல உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன்னு நெனச்சேன். இன்னிக்குப் போடாமலே வச்சேன். அதுவும் கரிக்கு." கீரையின் நுனிகளும் கருக ஆரம்பித்திருந்தன.

அப்போது நான் செய்ததுதான் இன்று நினைத்தாலும் கூசுகிறது. தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அங்கே கீரைக்கு மீன் கழிவைத்தான் எருவாகப் போடுவார்கள். "இதாங்க காரணம். மீன்ல இருக்கற உப்பு மண்ணுல எறங்கி, கெணத்துக்கும் போவுது. மேல் மண்ணை வழிச்சு எடுத்துருங்க," என்றேன். பம்பைக் குறை சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

அக்கா அப்படியே நம்பினார். கணவர் வேலைக்குப் போனபின், தனியாளாக, அத்தனை பாத்தியின் மேல் மண்ணையும் மண்வெட்டியால் வழித்துக் கூடையில் சுமந்து கொட்டினார். இருந்த நல்ல எருவும் அதோடு போயிற்று. பிறகு, வெறுமையான அந்த மண்ணுக்கு அதே தண்ணீரை ஒரே ஓட்டமாகப் பாய்ச்சினார்.

அடுத்த முறை நான் போனபோது கீரை தீய்ந்து கிடந்தது. குடங்கள் சந்தில் காலியாக வரிசை நின்றன. சுற்றிலும் பெண்கள். "நிங்ஙள் பாண்டிக்காரு வந்நு கிணறும் கெடுத்தல்லோ," என்று ஒரு பெண் அக்காவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழர்களை அங்கே பாண்டிக்காரர் என்று இளப்பமாகச் சொல்வார்கள்; நான் கெடுத்த கிணற்றுக்கு அந்த ஏச்சை வாங்கியது அவர். அக்கா பம்பின் வாயில் ஒரு தம்ளரைப் பிடித்து நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க தம்பி. இது மீன் எருவ வழிச்ச பொறவு வந்த தண்ணி."

குரலில் கோபமில்லை. உண்மையாகவே என்னிடம் காரணம் கேட்டார். ஒரு மிடறு குடித்தேன். காயல் தண்ணீர்போல ஒரே உப்பு. துப்புவதற்கு வெட்கப்பட்டு மீதியையும் விழுங்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தாங்க கெடுத்தேன்," என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அது அங்கே எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி.

நல்ல தண்ணீர் அங்கே மேல் மணலில் மட்டும்தான். மழை நிரப்பி வைத்தது. கீழே இருந்த உப்புத் தண்ணீரை அந்தக் களிமண்தான் தடுத்து வைத்திருந்தது. அதில் ஓட்டை போட்டவன் நான். முதலில் இனித்தது, துளை வழியே இறங்கிய மேல் தண்ணீர்தான். ஓயாமல் ஓட்டச் சொல்லி உப்பை மேலே இழுத்து வரச் செய்தவனும் நான். அவர்கள் நிறுத்தி நிறுத்தி ஓட்டியது மோட்டாருக்காக அல்ல, உப்பு மேலே ஏறிவிடாமல் இருக்க.

குழாய்களை உருவி எடுத்தோம். புதுக் குழாய், அதற்குள் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சந்து ஆண்கள் களிமண் உருண்டை பிடித்துத் தந்தார்கள். துளையை அடைத்து இடித்து இறுக்கினேன். ஆனால் கிணறு உடனே தெளியுமா? மழை வரும்வரை காலையில் தள்ளுவண்டியில் குடங்களை ஏற்றி, தெருக்குழாயிலிருந்து அந்த வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். "உப்பு இஞ்சினீயர் வந்நூ, குடம் எடுத்தோ!" என்று சந்து முனையிலேயே கூவுவார்கள். "இந்நு எத்ர உப்பிட்டு?" என்று, இன்றைக்கு எவ்வளவு உப்புப் போட்டாய் என ஒரு பெண் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் என்னை மன்னித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வுடுங்கம்மா, அவுக ஊர்ல அதான் சரி. மண்ணு வேற," என்பார். அந்தப் பருவம் முழுக்க அவர் வேறு யாரோ விளைவித்த கீரையை வாங்கி விற்றார். சந்தையில் அவரைக் கண்டால் நான் வேறு வழியில் போவேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை அந்த ஆண்டு வெளுத்து வாங்கியது. கிணறு நிரம்பி, இறைத்து, மறுபடி நிரம்பி, ஓணத்துக்குள் பழைய ருசி வந்துவிட்டது. அக்கா மறுபடி விதைத்தார். பழைய சின்ன மோட்டாரை நானே கொண்டுபோய் வைத்தேன்.

அன்று கிணற்றடியில் இத்தாத்தா இருந்தார். மனதில் இருந்ததைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமே. ஏன் இத்தாத்தா என்னை விட்டீங்க?"

"அறியாம் மோனே. பக்ஷே நீ அத்ர உறப்பிச்சு பறஞ்ஞப்போ, எனிக்காணு தெற்றியதெந்நு தோணி."

தெரியுமாம். ஆனால் நான் அவ்வளவு உறுதியாகப் பேசியதால், தவறு தன்னுடையது என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். பிறந்தது முதல் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், என் பேச்சைக் கேட்டுத் தன் நாக்கையே சந்தேகித்திருக்கிறார். அக்காவும் அப்படித்தான் தன் எருவைச் சந்தேகித்து வாரிக் கொட்டியிருக்கிறார். கிணற்றில் ஏறிய உப்பை ஒரு மழைக்காலம் கரைத்துவிட்டது. ஆனால் இன்றும் யாராவது மறுபேச்சில்லாமல் நான் சொல்வதை ஒப்புக்கொண்டால், எனக்குப் பெருமை வருவதில்லை, முகம் சுடுகிறது.