கையைப் பிடித்து இழுத்த ஜப்பானியப் பெண்

போன விடுமுறையில் நானும் என் கணவரும் ஜப்பான் போயிருந்தோம். ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தில், பெட்டியோடு முதல் ஆளாக நின்றேன். சிங்கப்பூரில் சிராங்கூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்று பழகிய கால் அல்லவா, மஞ்சள் கோட்டைத் தாண்டியே நின்றுவிட்டது. அங்கே கதவே கிடையாது.

புரியாத மொழியில் ஏதோ அறிவித்தார்கள். நம் ரயில்தான் வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். பின்னால் நின்ற ஜப்பானியப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்னங்க, இந்தம்மா வரிசையில முந்தப் பாக்குது!" என்று உதறினேன். அவர் விடாமல் இரண்டு கையாலும் இழுத்தார். மறுநொடி, நான் நின்ற விளிம்பை உரசியபடி ஒரு சரக்கு ரயில் நிற்காமல் பறந்தது. பயணிகள் ரயில் வரும் அதே தண்டவாளம்!

"சாங்கி ஏர்போர்ட் கார்கோவுல வேலை பாக்குற எனக்கே சரக்கு ரயிலும் இதுல வரும்னு தெரியல லா," என்றார் கணவர், முகம் வெளுத்து.

நான் கும்பிட்டேன். அந்தப் பெண்ணும் குனிந்து வணங்கினார். "உயிரக் காப்பாத்திட்டு நீங்க ஏம்மா கும்பிடுறீங்க?" என்று தமிழிலேயே கேட்டேன். சிரித்தார்.

இப்போதெல்லாம் தேக்கா சந்தை நெரிசலில் யார் கையைப் பிடித்து இழுத்தாலும் முதலில் பின்னால் நகர்ந்துவிடுகிறேன். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.