ஈரச்சேலைக்கு ஓர் அறை

அந்தக் காலத்தில் தென்காசியில் கட்டட வரைபடம் போடத் தெரிந்த பெண் ஒருத்திதான், குழல்வாய்மொழி. ஒப்பந்தக்காரர் சுந்தரபாண்டியனிடம் வேலை. 1979இல் தனியாக ரயிலேறி அகமதாபாத் போய், வடிவமைப்பில் ஆறு வாரப் பயிற்சி முடித்து வந்தவள். புழங்கப் போகிறவர்களை முதலில் பார், அவர்களிடம் கேள், ஓலையிலோ அட்டையிலோ செய்து சோதி, செங்கல் கடைசியில்தான் என்று அங்கே சொன்னதை நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தாள். கோடு போட்டால் போதுமா?

மறுவருஷம் ஒரு ஜவுளி வியாபாரி, குற்றாலத்தில் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை தர்மமாகக் கட்டித்தர முன்வந்தார். பிறந்ததிலிருந்து குளிக்கிற அருவி, அதில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று குழல்வாய்மொழி ஒரே மூச்சில் வரைந்து தள்ளினாள். ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அருவிக்கு முதுகு காட்டிய வாசல். யார் கண்ணும் படக்கூடாதே.

சாரல் காலம் வந்தது, கூட்டம் வந்தது, அறைக்கு மட்டும் யாரும் வரவில்லை. பெண்கள் பழையபடி பாறை மறைவில் முந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேலை மாற்றினார்கள். ஆடி முடிவதற்குள் ஆள் வராவிட்டால் அறையைச் சரக்கு வைக்க விட்டுவிடலாம் என்றார் வியாபாரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சுந்தரபாண்டியன் அவள் காதுபடச் சொன்னார். இனி ஒரு வரைபடமும் அவள் கைக்கு வராது என்பதும் அதில் அடக்கம். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

மூன்று நாள் அருவிக்கரையிலேயே நின்று பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. தென்காசிக்காரர்கள் அங்கே உடை மாற்றுவதே இல்லை. கண்டக்டர் திட்டத் திட்ட ஈரத்தோடு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவளும் அப்படித்தான். ஒருநாளும் தான் செய்யாத காரியத்துக்கு அறை வரைந்திருக்கிறாள்!

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாடத்தி என்பவளிடம், ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டாள்.

"பிள்ளையும் நகை மூட்டையும் இங்கன இருக்கு, வாசல் அங்கன இருக்கு. உள்ள போயிட்டா இதுகள யாரு பாக்கது?" என்றாள் மாடத்தி.

மறுநாள் அறைக்கு முன்னால் ஓலைத்தட்டி கட்டி இன்னொரு அறை எழுந்தது. அருவியைப் பார்த்த வாசல், வாசலில் கழுத்தளவு மறைப்பு, வெளியே மூட்டையைக் காப்பவருக்கு ஒரு பெஞ்சு. முதல் நாள் வந்தவர்கள், காய்ந்த சேலையை வைக்க இடமில்லை என்று ஏசினார்கள். சாயங்காலமே கயிற்றுக்கொடி கட்டினாள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் வரிசை பாதைவரை வந்துவிட்டது. சுந்தரபாண்டியன் வந்து பார்த்தார். சுவரை உடைத்து வாசலைத் திருப்பக் கொத்தனாரை அனுப்பினார்.

அடுத்த சாரலில் குழல்வாய்மொழி மாற்றுச்சேலையோடு அருவிக்குப் போனாள். குளித்துவிட்டு, நம்முடைய அறைதானே என்ற உரிமையில் நேரே வாசலுக்கு நடந்தாள்.

"ஏட்டி, நாங்கள்லாம் மனுசியாத் தெரியலையா? பின்னால போய் நில்லு" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

குழல்வாய்மொழி பின்னால் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் இருபத்தாறு பேர். ஈரச்சேலையில் வெடவெடவென்று நடுங்கியபடி, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.