கப்பலேறாத வெங்காயமும் அம்மாவின் வடகமும்

அம்மாவின் முதலாண்டு நினைவுக்காக இன்று எங்கள் தோட்டத்து வீட்டில் கூடியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும், மகளாகிய என் வணக்கம். "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுக்கா" என்றான் தம்பி. நல்லதை மட்டும் எழுதினால் அம்மாவே நம்ப மாட்டார். அவருடைய கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பெருந்துறைக்குப் பக்கம். பல்லடம் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கு மருமகளாக வந்தபோது, கிணற்றில் தண்ணீரைவிடப் பாறைதான் அதிகமாம். அப்பா சூலூருக்குத் தறி வேலைக்குப் போய்விட, காடு கழனி முழுவதும் அம்மாவின் பொறுப்பு. மஞ்சள் போட்டுப் பார்த்தார், சோளம் போட்டுப் பார்த்தார். கடைசியில் சின்ன வெங்காயத்தில் நிலைத்தார். "மத்த வெள்ளாமையெல்லாம் சிரிச்சுட்டே ஏமாத்தும். வெங்காயம் அழ வெச்சாலும் சோறு போடும்" என்பார். அறுத்த வெங்காயத்தைக் காற்றோட்டமாகக் குவித்து, கீற்று வேய்ந்து, பட்டறை போட்டு விலை வரும்வரை காப்பதில் அம்மாவுக்கு அப்படியொரு கைராசி. எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும், என்னைச் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்ததும் அந்தப் பட்டறைதான்.

நான் முதல் குழந்தை உண்டானபோது, வழக்கப்படி பிரசவத்துக்கு இங்கே வந்திருக்க வேண்டும். விமானத்தில் ஏறவே கூடாது என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். நான் போனில் அழுதேன். "எதுக்கு கண்ணு அழுவற? நீ வர முடியலீனா என்ன, நான் வாரேன். பேறு பாக்கறதுக்குப் பெத்தவ வராம வேற ஆரு வருவா?" என்றார் அம்மா. பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். பட்டறை வெங்காயம் மொத்தத்தையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரி ஒருவர் பேசி முடித்திருந்தார். வண்டி வந்து ஏற்றியதும் டிக்கெட் போடுவதாகத் திட்டம்.

வண்டி வரவில்லை. வெங்காய ஏற்றுமதிக்குத் தடை என்று செய்தி வந்தது. வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறிவிட்டதாம். எந்த வெங்காயமானாலும் நாட்டை விட்டுப் போகக்கூடாதாம். வியாபாரி நேரிலேயே வந்து, "அக்கா, என்னைத் தப்பா நெனைக்காதீங்க. சரக்கு கப்பல் ஏறாதுங்க" என்று தலை குனிந்து நின்றார். அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் அம்மா கத்தினாராம்: "பெரிய வெங்காயம் பண்ணுன தப்புக்குச் சின்ன வெங்காயத்துக்குத் தண்டனையா? எந்த ஊரு ஞாயமுங்க இது?" கத்தி முடித்ததும் அவரே தணிந்து, "வடக்க இருக்கறவிங்களுக்கும் வவுறு இருக்குதல்லோ, வெல ஏறுனா என்ன பண்ணுவாங்க" என்றும் சொன்னாராம். அம்மாவின் கோபம் எப்போதும் அப்படித்தான், பாதி வழியில் எதிராளிக்காகப் பேச ஆரம்பித்துவிடும்.

இங்கே வாங்க ஆளில்லை. அங்கே எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள தமிழ்க் கடையில் சின்ன வெங்காயக் கூடை காலி. வீடியோவில் நான் கூடையைக் காட்டினேன், அம்மா பட்டறையைக் காட்டினார். கீற்றுக்கு வெளியே பச்சைப் பச்சையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. "பாரு அம்மணி, உன்னைப் பாக்கோணும்னு அதுவும் கழுத்த நீட்டுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் சிலர் வயிற்றெரிச்சலில் மூட்டை மூட்டையாக ரோட்டில் கொட்டினார்கள். அம்மாவையும் கூப்பிட்டார்கள். "சோத்துக்குப் போற பண்டத்த லாரிச் சக்கரத்துக்குப் போடறதா? என்ற கையால ஆகாதுங்க" என்று மறுத்துவிட்டார். அறுவடை நின்றதால் வேலையில்லாமல் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெங்காயத்தை உரித்து, இடித்து, உளுந்தும் கடுகும் வெந்தயமும் பூண்டும் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் போட்டார்கள். களம் முழுக்க வடகம். தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். வேலை செய்த எல்லோருக்கும் பங்கு கொடுத்து, வருகிற கல்யாணச் சீர்த் தட்டிலெல்லாம் வடகம் வைத்து, சம்பந்தி வீடுகளைத் திகைக்க வைத்தார்.

ஆனால் வடகம் டிக்கெட் ஆகாது. யாரிடமும் கை நீட்டவும் அம்மா சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றபோது, "பிரசவச் செலவு தாய்வீட்டுதுங்க மாப்பளெ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. பிரசவ வலியில் நான் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். வந்தது நர்ஸ்.

அடுத்த வெள்ளாமை கைக்கு வந்த பிறகுதான் அம்மா கிளம்பினார். அதற்குள் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். கோவை விமான நிலையத்தில் வடகம் நிறைந்த பெட்டியைத் திறந்த அதிகாரி, "என்னங்கம்மா இது?" என்று கேட்க, அம்மா மறைக்கத் தெரியாமல், "வெங்காயந்தானுங்க" என்றாராம். "வெங்காயம் வெளிநாட்டுக்குப் போகக்கூடாதுங்களே" என்று அவர் விளையாட்டாக இழுக்க, "அது செத்துக் காஞ்சு போச்சுங்க சாமி. இனி எந்த நாட்டுக்குப் போனா என்னங்க?" என்றிருக்கிறார். அதிகாரி ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, தன் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தாராம்.

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டபோது நான் உடனே பறந்து வந்தேன். படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்துட்ட கண்ணு. நாந்தான் அன்னைக்கு வரலெ" என்றார். பிறகு வந்து பேத்தியைக் குளிப்பாட்டியதும், எனக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டதும், மூன்று மாதம் உடனிருந்ததும் அவர் கணக்கில் சேரவே இல்லை. "அடுத்தவிங்க நிறுத்துன வெங்காயத்துக்கு நீங்க ஏம்மா அழுவறீங்க?" என்றேன். என் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அம்மாவைத் தன் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிச் செவிலியருக்கும், இரவும் பகலும் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், கண்ணெரிய வெங்காயம் உரித்த அதே கைகளால் அம்மாவைக் குளிப்பாட்டி அனுப்பிய பெண்களுக்கும், பாடைக்கு முதல் தோள் கொடுத்த அந்த வெங்காய வியாபாரி மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா பெட்டியில் கொண்டுவந்த வடகத்தில் கடைசி ஒரு டப்பாவைச் சிங்கப்பூரிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். திவசச் சமையலில் வெங்காயம் ஆகாது என்று யாரோ சொல்ல, பெரியம்மா சண்டைக்கே போய்விட்டார்: "அவளுக்கு வெங்காயமில்லாம வேற என்னத்தப் படைக்கறது?" இன்று பந்தியில் பரிமாறும் குழம்பில் அதைத்தான் தாளித்திருக்கிறோம். கறுப்பாகத் தட்டுப்படுவது அம்மா உருட்டியது. கருகல் என்று நினைத்து இலை ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள். இனி உருட்ட அம்மா இல்லை.