ஆறாவது அம்பின் செட்டை

அம்பின் வால்பக்கத்தில் மூன்று பிளாஸ்ரிக் இதழ்கள் ஒட்டியிருக்கும். அம்பு நேராகப் போவது அவற்றால்தான். கடைக்காரர் ஏதோ ஆங்கிலப் பெயர் சொல்வார். என் வேட்டைக் கூட்டாளி மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர். முதல் நாளே அதைச் செட்டை என்றார், மீனுக்கு இருப்பதுபோல. அன்றிலிருந்து எனக்கும் அது செட்டைதான்.

செட்டை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழையதைச் சுரண்டி, தண்டில் காய்ந்துகிடக்கிற பசையை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். துடைத்த இடத்தை விரலால் தொடக்கூடாது. புதுச் செட்டையின் அடியையும் தொடக்கூடாது. பசை வந்த பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நான் பார்த்த வீடியோவில் ஒரு தாடிக்காரர் அதையே மூன்று தரம் சொன்னார். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அந்த வருடம் கூட்டாளி தன்னுடைய ஆறு அம்புகளையும் என்னிடம் தந்தார். இருபது வருடம் வீட்டுச் சுவர்களுக்கு ட்ரைவோல் பலகை தூக்கி அடித்தவர். வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. நவம்பரில் ஒப்பரேஷன். அதன்பிறகு வில் இழுக்கலாமா என்று கேட்டதற்கு டொக்டர், இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார். அதனால் அந்த ஒக்ரோபர் மான் வேட்டை அவருக்குச் சும்மா ஒரு வேட்டை இல்லை. தன் கை இன்னும் தன்னுடையதுதானா என்று பார்க்கிற வேலை. சுரண்டினாலே தோள் குத்துகிறது, நீ செய்து தா என்றார். வோபர்னில் என் வீட்டு பேஸ்மென்ற் சுவர் முழுக்க அவர் அடித்தது. பத்து வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி இது.

வெள்ளிக்கிழமை தண்டுகளைச் சுரண்டித் துடைத்து வைத்தேன். மறுநாள் புரட்டாதிச் சனி, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாள். மனைவியின் கணக்கில் எனக்கு வருடம் முழுக்க ஏழரைச் சனிதான், ஆகவே தப்ப முடியாது. கோயிலில் வரிசையில் நின்று, எண்ணெயில் ஊறிய எள்ளுப் பொட்டலத்தைச் சிட்டி விளக்கில் வைத்துக் கொளுத்தினேன். கையை ரிசூக் கடதாசியில் துடைத்தேன். வீட்டுக்கு வந்து மரக்கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு பேஸ்மென்றுக்கு இறங்கி, பதினெட்டுச் செட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அடி நேராக இருக்கிறதா என்று பெருவிரலால் ஆசையாகத் தடவித் தடவி ஒட்டினேன். கைகழுவினேனா என்று கேட்காதீர்கள். கரண்டியால் சாப்பிட்டேன்.

பின்னேரம் ஒரு செட்டையைச் சும்மா சுண்டிப் பார்த்தேன். பலாச்சுளை மாதிரிக் கழன்று கையோடு வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. ஐந்து நிமிடத்தில் மடியில் பதினொரு செட்டைகள். முதலில் பசைக்காரனைத் திட்டினேன், பிறகு பேஸ்மென்ற் ஈரத்தை, பிறகு அந்தத் தாடிக்காரரை. கடைசியில்தான் விரலை மணந்து பார்த்தேன். எள்ளெண்ணெய்.

நாற்பத்தொன்பது வயது மனிதன், வீட்டில் வரிப் பத்திரம் எல்லாம் நிரப்புகிறவன், ஒரு அம்புக்கு முன்னால் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை அவர் வருவார். கடை பூட்டியாயிற்று. பசை கால் போத்தல்தான் மிச்சம். அவசரத்தில் போத்தலை அமத்தியதில் பெருவிரலும் சுட்டுவிரலும் அம்போடு சேர்ந்து ஒட்டிக்கொண்டன. செட்டை ஒட்டாத பசை என்னை மட்டும் நன்றாக ஒட்டியது. அம்பும் கையுமாகக் குசினிக்குப் போய் மனைவியின் முன்னால் நின்றேன். அவர் சுடுதண்ணீரில் சவர்க்காரம் கரைத்தபடி நிதானமாகக் கேட்டார்:

"சனீஸ்வரனுக்கு எரிச்ச கையோட மானுக்கு அம்பு செய்யிறியள். ரெண்டு பேரில ஆரை ஏமாத்தப் பாக்கிறியள்?"

விரல் விடுபட்ட பிறகு எல்லாவற்றையும் மறுபடி சுரண்டித் துடைத்து ஒட்டினேன். ஐந்து அம்புகள் ஒழுங்காகப் பிடித்தன. ஆறாவதில் இரண்டு செட்டையோடு பசை முடிந்தது. மூன்றாவதுக்குப் போத்தலின் மூக்கில் ஒட்டியிருந்ததை வழித்து ஓரத்தில் தடவி அமத்தினேன். நின்றது. இழுத்துப் பார்த்தால் கழன்றுவிடும் என்பதால் இழுத்துப் பார்க்கவில்லை.

காலையில் கூட்டாளி வந்து ஒரு அம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஆறும் பிடிச்சிட்டுதோ?"

ஐந்து என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஐந்து அம்போடு போக அவர் மறுத்திருக்கவும் மாட்டார். ஆனால் அதைச் சொன்னால் எண்ணெய்க் கதையையும் சொல்ல வேண்டும். உன்னிடம் போய்த் தந்தேனே என்று ஒரு பார்வை பார்ப்பார்.

"அண்ணை, உதில மானைக் கட்டித் தூக்கலாம்," என்றேன்.

சிரித்தார். நான் போய் அவருடைய வில்லில் அம்புகள் செருகுகிற கூட்டின் ஆக அடியில் அந்த ஆறாவதைச் செருகிவைத்தேன். அவர் எப்போதும் மேலிருந்து எடுப்பவர். ஆறு அம்பு செலவாகிற வேட்டையை நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். நகரத்துக்கு வடக்கே, எங்களுக்குத் தெரிந்த விவசாயியின் காட்டோரத்தில் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். ஒரு கிடாய் மான் முப்பது மீற்றர் தூரத்தில் வந்து, பக்கவாட்டாக நின்று, தலை குனிந்தது. மேலே இருந்த அம்பை எடுக்கக் கூட்டாளி கையை உயர்த்தினார். குளிரில் தோள் மேலே போகவில்லை. கையைத் தாழ்த்தி, கிட்ட இருந்ததை எடுத்தார். ஆக அடியில் இருந்ததை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டையை மெல்லப் பிடித்து இழுத்திருந்தாலே போதும். மான் ஓடிவிடும் என்று எனக்குள் ஒரு நியாயம் சொன்னேன். மான் ஓடினால் இன்னொரு மான் வரும். அது அப்போதும் எனக்குத் தெரியும்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வில்லை முழுவதும் இழுத்தார். ஒரு நடுக்கம் இல்லை. அவ்வளவு அழகாக அவர் இழுத்து நான் பார்த்ததில்லை. அம்பு போகிற பாதி வழியில் வாலை ஆட்டியது, வலப்பக்கம் சரிந்தது, மானுக்குப் பின்னால் இருந்த பற்றைக்குள் போய் மறைந்தது. மான் போய்விட்டது.

தேடிப் போனவன் நான். ஒரு விழுந்த மரத்தில் குத்தி நின்றது, இரண்டு செட்டையோடு. அதைப் பிடுங்கி மரத்தின் அடியில் சருகுக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு வந்து, கிடைக்கவில்லை என்றேன்.

அவர் தன் வலது கையை ஏதோ இரவல் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை முடிஞ்சுது தம்பி," என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் பகிடி விட்டுக்கொண்டே வந்தேன். வாயை மூடினால் உண்மை வந்துவிடும் என்ற பயம்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வசந்தத்தில் டொக்டர், இலேசான வில்லில் தொடங்கலாம் என்றே சொல்லிவிட்டார். அதற்குள் அவர் வில்லைக் கூடவேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். தோள் சரியாகும், கை சரியாகாது, நான்தான் கண்ணால் கண்டேனே என்று தன் மனைவியிடம் சொன்னாராம்.

அதைக் கேட்ட பிறகுதான் யூனியன்விலில் அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஆறும்வரை இருந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், எள்ளெண்ணெய், ஒட்டிய விரல், கால் போத்தல் பசை, சருகு. "அண்ணை, அது உங்கட கை இல்லை. என்ர கை," என்றேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு, இவனுடைய கதையைக் கேள், சனீஸ்வரன் வந்து செட்டையைக் கழற்றினவராம் என்றார். நான் சத்தியம் செய்தேன். பத்து வருடமாகப் பகிடிக்கென்று அவருக்கு விட்ட பொய்களுக்கெல்லாம் இதே முகத்தோடுதான் சத்தியம் செய்திருக்கிறேன்.

"அப்ப அந்த அம்பு எங்க?"

"சருகுக்குள்ள."

இன்னும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து, தணிந்த குரலில், "நீ நல்லவன்ரா. என்னைத் தேத்த இப்பிடி ஒரு கதை கட்ட உன்னாலதான் ஏலும்," என்றார்.

இப்போது பிறந்தநாள் விருந்துகளில் அந்த எண்ணெய்க் கதையைச் சொல்லச் சொல்லி அவரே கேட்கிறார். நானும் சொல்கிறேன். அம்போடு விரல் ஒட்டிய இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மான் வந்து நிற்கிற இடம் வரும்போது அவர் மட்டும் எழுந்து, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டபடி குசினிக்குள் போய்விடுவார். நான் கதையை அவசரமாக முடித்துவிடுவேன்.