மாப்பிள்ளைக் காரின் ஷாஃப்ட்

புத்தூர்ச் சந்தியில் மாப்பிள்ளைக் கார் மூன்றாம் தடவையும் நிற்கிறது. சாவகச்சேரியில் இன்னும் ஒரு மணித்தியாலத்தில் தாலி கட்டவேண்டிய என் நண்பன் பின் சீற்றில் வியர்க்கிறான். பழைய அமெரிக்கக் கார். எஞ்சின் ஊரையே எழுப்புகிறது, சில்லு மட்டும் உருளாது. குனிந்து பார்க்கிறேன். எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் கழன்று தொங்குகிறது.

"அண்ணை, உதுக்கு என்ன போல்ட் போட்டனீங்கள்?"

"உழவு மெசினின்ரை போல்ட்தான் தம்பி. அளவா இருந்தது," என்கிறார் சாரதி.

டிக்கியைத் திறக்கிறேன். ஒரு ஸ்பானர்கூட இல்லை. ஒரு பை எலுமிச்சம்பழம் இருக்கிறது. அதில் நாலை எடுத்து, மூன்றாம் தடவையாகச் சில்லுகளுக்கடியில் வைக்கிறார் அவர்.

பின்னால் பஸ் ஹோன் அடிக்கிறது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் இறங்க, இரண்டுபேருமாகக் காரை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். பழங்கள் நசிகின்றன.

"கண்ணூறு கழிஞ்சுது. இனிப் பிரச்சினை இல்லை," என்கிறார் சாரதி, ஸ்டியரிங்கை விடாமல்.