நரம்பு இல்லை, நாண்

எனக்கு நரம்பில் எந்தக் கோளாறும் இல்லை. இதை எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என் போலீஸ் வேலையை விழுங்கியது இந்த ஒரு சொல்தான்.

எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். அடுத்தது ஓட்டம். வயது வரம்பு முடிவதற்குள் அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. சிதம்பரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கடலூருக்குப் போய் மைதானத்தில் ஓடிப் பழகினேன். ஒருநாள் வேகமெடுக்கக் காலை ஊன்றியதும் குதிகாலுக்கு மேலே டப்பென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டார்கள் என்று நினைத்து, நன்றாக நாலு வார்த்தை கேட்கலாமென்று திரும்பினேன். பின்னால் ஒருவரும் இல்லை.

எல்லோருக்கும் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஒன்று தடிமனாகக் கைக்குத் தட்டுப்படும். எனக்கு அந்த இடத்தில் விரல் உள்ளே இறங்கியது. ஆனாலும் தாங்கித் தாங்கி நடக்க முடிந்தது, பாதமும் அசைந்தது. அதுவே வினையாகிப்போனது. பாதம் அசைகிறது, எலும்பு முறியவில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

"நரம்பு பிசகியிருக்குக்கா. நல்லா உருவிவிட்டா சரியாப் பூடும்."

ரத்தம் ஓடுவதும் நமக்கு நரம்பு, மூளையிலிருந்து வருவதும் நரம்பு, சதையை எலும்போடு இழுத்துக் கட்டியிருப்பதும் நரம்பு. இத்தனைக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மாமா அவருடைய ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் என்னைக் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் தடவி, கெண்டைக்காலிலிருந்து குதிகால்வரை கட்டைவிரலால் அழுத்தி உருவினார். நான் கத்தினேன். போலீசாகப் போகிறவள் இதற்கே இப்படிக் கத்தினால் திருடன் எப்படிப் பயப்படுவான் என்று மாமா கிண்டல் செய்தார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வீக்கம் வடியும், மறுபடி கூட்டிப்போவார், மறுபடி உருவல் நடக்கும். உள்ளே அறுந்து கிடந்ததை அது ஒட்டவிடவே இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வீக்கம் நின்றும் நுனிக்காலில் எழும்ப முடியவில்லை. அப்போதும் மாமா அசரவில்லை. நரம்பென்றால் நரம்பு டாக்டர்தானே என்று சிதம்பரத்தில் ஒருவரிடம் அழைத்துப்போனார். சீட்டு வாங்கும் இடத்தில் என்னைப் பேசவிடாமல், பெண்ணுக்கு நரம்பில் பிரச்சினை என்று அவரே சொன்னார். டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார், பாதத்தில் குண்டூசியால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மாத்திரையைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஓட்டத் தேர்வு நெருங்கியதும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, கடலூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டிலுக்கு வெளியே பாதங்களைத் தொங்கவிடச் சொன்னார். நல்ல காலின் கெண்டையைப் பிடித்து அமுக்கியதும் பாதம் தானாகப் பின்னால் நீண்டது. அடிபட்ட காலை அமுக்கினார். பாதம் சும்மா தொங்கியது. தலையைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இது நரம்பே இல்லம்மா, தசைநாண். முழுசா அறுந்திருக்கு. அப்பவே வந்திருந்தா தைச்சிருக்கலாம். பாதத்தைக் கீழ பாக்க வெச்சு மாவுக்கட்டு போட்டேகூட ஒட்ட வெச்சிருக்கலாம். இதப் போயி யாரு உருவச் சொன்னது?"

மாமா என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அறுந்த இரண்டு முனைகளுக்கும் இடைவெளி பெரிதாகிவிட்டதால் ஆபரேஷன் செய்து, கால் பெருவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகாலில் கட்டினார்கள். மற்ற பெண்கள் ஓடிய அன்று நான் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். கட்டுப் பிரித்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கப் பழகினேன். முதலில் இரண்டு காலில், பிறகு அந்த ஒற்றைக் காலில். அழுதுகொண்டேதான் செய்தேன். இப்போது ஓடுகிறேன், நன்றாகவே ஓடுகிறேன். ஆனால் அடுத்த அறிவிப்பு வந்தபோது எனக்கு வயது தாண்டியிருந்தது.

இந்தப் பொங்கலுக்கு மாமா வந்திருந்தார். கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கரும்போடு உள்ளே வருவதைப் பார்த்து அவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

"அன்னிக்கே நான் உருவி விட வெச்சேன். அதனாலதான் புள்ள இன்னிக்கு இப்படி நடக்குது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, மாமா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள் என்றாள். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்து நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனியவில்லை.